கெம்பஸ் எஸ்ஸே: திருப்பித் திருப்பி வர்ற கேள்விகளும் என்ட பதில்களும்

நான் வெள்ளவத்தையில இருக்கிறன், டிகிரி முடிச்சு கன வருசம், ஆனா சொந்தக்காரப் பிள்ளைகள், அவங்கட ஃப்ரெண்ட்ஸ், அந்த ஃப்ரெண்ட்ஸின்ட ரூம்மேட் எண்டு ஒவ்வொரு செமஸ்டரும் யாராவது ஒராள் வட்ஸ்அப்ல ஒரு வேர்ட் ஃபைலை அனுப்பிப்போட்டு "அக்கா கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கோ" எண்டு நிப்பாங்க, அதுவும் சப்மிட் பண்ணுறதுக்கு முதல் நாள் ராத்திரிதான். ஒரே பதிலை வொய்ஸ் மெசேஜ்ல சொல்லிச் சொல்லித் தொண்டை போச்சு. அதால இப்ப எழுதி வைக்கிறன், இனி கேக்கிற ஆக்களுக்கு இதைத்தான் அனுப்புவன். ஆர்ட்ஸ், சோஷல் சயன்ஸ், லோ, மனேஜ்மன்ட் படிக்கிற ஆக்களுக்கு சரிவரும், லேப் றிப்போர்ட் எழுதுற ஆக்களுக்கு இது உதவாது.

ஏ லெவல்ல மூண்டு ஏ. கெம்பஸ்ல முதல் எஸ்ஸேக்கு சி மைனஸ். நான் என்ன பிழை விட்டன்?

ஒண்டும் பிழை விடேல்ல, விளையாட்டு மாறினது உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்ல, அவ்வளவுதான். ஏ லெவல்ல மார்க்கிங் ஸ்கீம் எண்டு ஒண்டு இருக்கு, டியூஷன் சேர் "பத்து பொயின்ட் எழுது, ஒவ்வொண்டுக்கும் ஒரு உதாரணம் போடு" எண்டு சொல்லித் தருவார், நாங்க டியூட்டில (டியூஷன்ல தர்ற நோட்ஸ் தாளில) இருக்கிறதைப் பாடமாக்கிக் கொண்டுபோய் அப்பிடியே கொட்டுவம், மார்க்ஸ் விழும். கெம்பஸ்ல அந்தப் பத்து பொயின்ட்டும் லெக்சரருக்கு உங்களை விட நல்லாத் தெரியும். அவர் கேக்கிறது, இதுகளை வச்சு நீ என்ன சொல்ல வாறாய் எண்டதை.

என்ட முதல் எஸ்ஸே இலவசக் கல்வி பற்றினது. அந்த நேரம் கல்வி அமைச்சரா இருந்த கன்னங்கராவில துவங்கி, 1945 ஒக்டோபர், சென்ட்ரல் ஸ்கூல், தாய்மொழியில படிப்பு எண்டு ஆறு பக்கம், அழகான கையெழுத்து, கலர் பேனையால அடிக்கோடு வேற. திரும்பி வரேக்க கடைசிப் பக்கத்தில சிவப்பு மையில "எல்லாம் சரி. அதனால்?" எண்டு மட்டும் இருந்துது. ரெண்டு நாள் அந்த சேரில சரியான கோவம். பிறகு யோசிச்சா, ஆறு பக்கத்திலயும் எதையுமே நான் சொல்லேல்ல, நடந்ததை வரிசையா அடுக்கி மட்டும் வச்சிருக்கிறன். அடுத்த முறை எழுதேக்க முதல் பந்தியிலயே "இலவசக் கல்வி எல்லாருக்கும் கதவைத் திறந்தது உண்மை, ஆனா இங்கிலீஷ் புழங்கின வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கதவு கூட அகலமாத் திறந்தது" எண்டு போட்டன். அதே கன்னங்கரா, அதே 1945, ஆனா இப்ப ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு வேலை இருந்துது.

தீசிஸ் ஸ்டேட்மன்ட், தீசிஸ் ஸ்டேட்மன்ட் எண்டு சொல்லுறாங்களே, அது என்ன சாமான்?

யாராவது ஒராள் "இல்ல, நான் ஒத்துக்கொள்ள மாட்டன்" எண்டு சொல்லக்கூடிய ஒரு வசனம். நான் வைக்கிற டெஸ்ட் இதுதான்: அந்த வசனத்தை 100ஆம் நம்பர் பஸ்ல ஏறி சத்தமாச் சொன்னா, பாணந்துறைக்குப் போய்ச் சேரமுதல் ஒராளாவது திரும்பிப் பாத்து சண்டைக்கு வருவாரா? வராட்டி அது தீசிஸ் இல்ல, தகவல், இல்லாட்டி நல்லெண்ணம்.

"கொழும்பின் ஈரநிலங்கள் பாதுகாக்கப்பட வேண்டும்" எண்டு ஒரு தங்கச்சி எழுதி அனுப்பினா. யார் வேணாம் எண்டு சொல்லப் போறான்? மண் போட்டு நிரப்புறவனும் மேடையில ஏறினா அதைத்தான் சொல்லுவான். 2018ல கொழும்புக்கு ராம்சார் (ஈரநிலங்களுக்கான சர்வதேச ஒப்பந்தம்) ஈரநில நகரம் எண்ட அங்கீகாரம் கிடைச்சது, அந்தத் தகவலையும் போட்டிருந்தா, ஆனா அது சும்மா தொங்கிக்கொண்டு நிக்குது. ரெண்டு பேரும் கதைச்சுக் கதைச்சு கடைசியில வந்த வசனம்: "கொழும்பில வெள்ளத்தைக் குறைக்கிறதுக்கு புதுசா கான் வெட்டுற காசை விட, மிச்சமிருக்கிற சதுப்பு நிலத்தை வாங்கி அப்பிடியே விடுற காசு கூடப் பிரயோசனம்." இப்ப ஒரு எஞ்சினியர் சண்டைக்கு வருவார், காணி வித்துப் பிழைக்கிற ஒராள் வருவார், அந்தக் காணியில குடிசை போட்டு இருக்கிற ஒரு குடும்பம் "அப்ப நாங்க எங்க போறது" எண்டு கேக்கும். அவங்க மூண்டு பேருக்கும் பதில் சொல்லுறதுதான் எஸ்ஸே.

பொயின்ட் இருக்கு, ஆதாரமும் இருக்கு. பிறகும் மெடம் "ஆர்க்யுமன்ட் இல்லை" எண்டு எழுதியிருக்கிறா. இன்னும் என்னதான் வேணுமாம்?

ரெண்டுக்கும் நடுவில இருக்கிற பாலம். ஸ்டீபன் டூல்மின் எண்ட பிரிட்டிஷ் தத்துவக்காரர் 1958ல இதைப் பிரிச்சுக் காட்டினவர், கூற்று, ஆதாரம், அந்த ஆதாரத்தில இருந்து கூற்றுக்குப் போறதுக்கு என்ன உரிமை, அந்த உரிமைக்கு என்ன பலம், எவ்வளவு தூரம் உறுதியாச் சொல்லலாம், யார் மறுப்பான் எண்டு ஆறு துண்டு. ஆறையும் பாடமாக்கத் தேவையில்ல. மூண்டாவதுதான் எங்கட பிள்ளைகள் எல்லாரும் விடுற ஓட்டை.

உதாரணத்துக்கு 2021 உரப் பிரச்சினை, எல்லாருக்கும் நினைவிருக்கும். கூற்று: "உரத் தடை தோத்ததுக்குக் காரணம் இயற்கை விவசாயம் எண்ட யோசினை இல்ல, அதைச் செய்த அவசரம்." ஆதாரம்: 2021 மே மாசம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தாங்க, நவம்பர்லயே தளர்த்திட்டாங்க. இதோட நிறுத்தினா மெடம் எழுதினது சரி. ஏனெண்டா ஆறு மாசம் எண்டது அவசரம் எண்டு யார் சொன்னது? ஆறு மாசத்தில செய்யக்கூடிய வேலையும் உலகத்தில இருக்குத்தானே.

பாலத்தைப் போட்டுப் பாருங்கோ: யூரியாவில 46 வீதம் நைதரசன், சாதாரண கொம்போஸ்ட்ல ஒரு வீதம், ரெண்டு வீதம் தேறும். அப்ப ஒரு கிலோ யூரியாவில இருக்கிற நைதரசன் வேணுமெண்டா இருபது, முப்பது கிலோ, சில நேரம் அதுக்கும் மேல கொம்போஸ்ட் வேணும். ஒரு நாட்டின்ட வயலுக்கே அவ்வளவு கொம்போஸ்ட்டைச் செய்து, லொறியில ஏத்தி, பெரும்போகத்துக்கு முதல் வயலடிக்குக் கொண்டுபோக சில மாசம் காணாது. இப்ப "அவசரம்" எண்டது வாசிக்கிற ஆளுக்கு உங்கட கோவமாத் தெரியாது, கணக்காத் தெரியும். நீங்க "தூரநோக்கற்ற செயல்" "வரலாற்றுத் தவறு" எண்டு பத்துத்தரம் எழுதினாலும் இந்த முப்பது கிலோ செய்யிற வேலையைச் செய்யாது.

அங்கேயே ஒரு எச்சரிக்கை. அடுத்த வருசம் ஏப்ரல்ல நாடு வெளிநாட்டுக் கடன் கட்டுறதை நிறுத்தினது, அதுக்கு முதலே டொலர் தட்டுப்பாடு. அப்ப தடை எடுத்த பிறகும் உரம் வராததுக்குக் காரணம் தடையா, டொலரா? இதை நீங்க எழுதாட்டி வாசிக்கிற ஆள் யோசிப்பார், யோசிச்சுப்போட்டு உங்களை நம்ப மாட்டார். "முழுக்க அவசரம்தான் காரணம்" எண்ட மாதிரி எழுதாம "பெரும்பங்கு அவசரம்" எண்டு போடுறது பயந்தாங்கொள்ளித்தனம் இல்ல.

எதிர்ப் பக்கத்தையும் எழுதச் சொல்லுறாங்க. எழுதினா என்ட பக்கம் பலவீனமாகாதா?

இந்தக் கேள்வி வராத செமஸ்டர் இல்ல. நீங்க வெளியூர்ல இருந்து வந்து கொட்டாஞ்சேனையிலயோ பம்பலப்பிட்டியிலயோ போர்டிங்ல இருக்கிற ஆள் எண்டு வைப்பம். அன்ரி ஒம்பது மணிக்கு கேட்டைப் பூட்டுவா. உங்களுக்குப் பத்து மணி வேணும். போய் "அன்ரி, நாங்க பெரிய பிள்ளைகள், எங்களுக்கு சுதந்திரம் வேணும்" எண்டு சொன்னா என்ன நடக்கும் எண்டு உங்களுக்கே தெரியும், அடுத்த நாள் எட்டரைக்கே பூட்டுவா. அதே நேரம், "அன்ரி, ராத்திரி நாங்க வரமட்டும் நீங்க நித்திரை கொள்ளாம முழிச்சிருக்கிறீங்க, ஏதும் நடந்தா எங்கட அம்மாமார் உங்களைத்தான் கேப்பாங்க, அது எங்களுக்கு விளங்குது. செவ்வாயும் வியாழனும் மட்டும் ஈவ்னிங் கிளாஸ் எட்டரைக்குத்தான் முடியுது, பஸ் பிடிச்சு வர ஒம்பதரை ஆகுது, அந்த ரெண்டு நாளும் நாலு பேரும் ஒண்டா வருவம், பஸ் ஏறினதும் கோல் எடுப்பம்" எண்டு கேட்டுப் பாருங்கோ. தன்ட பயத்தைத் தான் சொல்லமுதலே நீங்க சொல்லிட்டீங்க எண்டவுடனே அன்ரிக்குப் பாதிக் கோவம் போயிரும், மிச்சப் பாதிக்கு நீங்க வழி வச்சிருக்கிறீங்க.

இது வெள்ளைக்காரன் கண்டுபிடிச்ச டெக்னிக் எண்டு நினைக்காதீங்கோ. நன்னூல் பாயிரத்தில எழுவகை மதம் எண்டு வரும், ஒரு நூல் எழுதுறவன் எடுக்கக்கூடிய ஏழு நிலைப்பாடு. முதல் ரெண்டு உடன்படல், மறுத்தல். மூண்டாவது "பிறர்தம் மதமேற் கொண்டு களைவு". அடுத்தவன் சொல்லுறதை முதல்ல நீயே எடுத்துக்கொண்டு, அதுக்குப் பிறகு அதைக் களை. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில எழுதினது, இப்ப லெக்சர் ஸ்லைட்ல வேற பேர்ல வருது.

ஆனா "மேற்கொண்டு" எண்ட சொல்லைக் கவனிங்கோ. மற்றவர் பக்கத்தை அவரே வாசிச்சா "ஓம், நான் சொல்லுறது இதுதான்" எண்டு தலையாட்டுற மாதிரி எழுத வேணும். கன பேர் செய்யிறது என்னெண்டா, எதிர்ப் பக்கத்தில ஆக முட்டாள்தனமா இருக்கிற ஒண்டைத் தேடி எடுத்து, "சிலர் இவ்வாறு கூறுவர், ஆனால் அது தவறு" எண்டு ஒரு வரியில அடிச்சு விழுத்திப்போட்டு வெற்றி எண்டு போறது. அப்பிடியான "சிலர்" ஒருத்தரும் ஊர்ல இல்ல.

ஸ்கூல்ல பட்டிமன்றத்தில நல்லாப் பேசுவன். அதே மாதிரி எழுதலாமா?

வேணாம். பட்டிமன்றத்தில வசனம் காத்தில போயிரும், கைதட்டு விழுந்தா முடிஞ்சுது. எஸ்ஸேயில ஆள் திருப்பி மேல போய் மூண்டாம் பந்தியை இன்னொருக்கா வாசிப்பார்.

பந்தி எப்பிடிக் கட்டுறது? ஒண்டைக் காட்டுங்கோவன்.

சரி, போன மாசம் ஒரு தம்பி அனுப்பினது, அவர்ட்டக் கேட்டுத்தான் போடுறன். டொபிக்: டியூஷனைத் தடை செய்ய வேணுமா? அவர் எழுதினது:

"இன்றைய நவீன உலகில் தனியார் வகுப்புகள் மாணவர் வாழ்வில் இன்றியமையாத இடத்தைப் பெற்றுள்ளன. இதனால் மாணவர்கள் பல்வேறு இன்னல்களுக்கு முகம் கொடுக்கின்றனர். பெற்றோரும் பாதிக்கப்படுகின்றனர். எனவே தனியார் வகுப்புகள் தடை செய்யப்பட வேண்டும் என்றால் அது மிகையாகாது."

நாலு வசனம், ஒண்டும் பொய் இல்ல, ஒண்டும் ஒண்டோட ஒட்டவும் இல்ல. என்ன இன்னல்? தடை செய்தா அது எப்பிடிப் போகும்? நான் அவர்ட்டக் கேட்டன், தம்பி, பிள்ளைகள் ஏன் டியூஷனுக்குப் போறாங்க, ஸ்கூல்ல படிப்பிக்கிறேல்லயா? "படிப்பிக்கிறாங்க அக்கா, ஆனா மற்றவன் போறான், நான் போகாட்டி அவன் முந்திருவான்" எண்டார். உங்கட எஸ்ஸே இதுதான், இதை எழுதுங்கோ எண்டன். ரெண்டு நாளைக்குப் பிறகு அனுப்பினது இது:

"பல்கலைக்கழக அனுமதி இஸட் புள்ளியில் (ஏ லெவல் புள்ளிகளை மற்ற மாணவரின் சராசரியோடு ஒப்பிட்டுக் கணிக்கும் புள்ளியில்) தங்கியிருக்கிறது. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடம் அகில இலங்கைத் தரவரிசைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. எந்த வழியில் பார்த்தாலும் ஒரு மாணவர் எவ்வளவு கற்றார் என்பதல்ல, பக்கத்து மாணவரை விட எத்தனை புள்ளி கூட எடுத்தார் என்பதே தீர்மானிக்கிறது. இந்த நிலையில் வகுப்புகளைத் தடை செய்தால் போட்டி நிற்காது. அது மண்டபத்தில் இருந்து வீட்டுக்குப் போகும். மண்டபத்தில் இருநூறு பேரோடு இருந்து படிக்கக் காசு இருந்த பிள்ளைக்கு, வீட்டுக்கு ஆசிரியரைக் கூப்பிடக் காசு இருக்காது."

பாருங்கோ, முதல்ல தடை செய்ய வேணும் எண்டு வந்த ஆள், எழுதி முடிக்கேக்க தடை கூடாது எண்ட பக்கத்துக்கு வந்திட்டார். அது நல்லது. எழுதத் துவங்கேக்க என்ன நினைச்சிருந்தீங்களோ அதையே எழுதி முடிக்கேக்கயும் நினைச்சா, கொஞ்சம் சந்தேகப்படுங்கோ.

"என்றால் மிகையாகாது" போடக்கூடாதா? தமிழ்ல எழுதேக்க அப்பிடி எழுதினாத்தானே ஒரு கெத்து?

மிகையாகாது எண்டு சொல்ல வேண்டி வந்தாலே அது மிகைதான். "நாம் அனைவரும் அறிந்ததே", "உள்ளங்கை நெல்லிக்கனி", "வெள்ளிடை மலை", இதுகள் எல்லாம் ஆதாரம் இருக்க வேண்டிய இடத்தில ஆதாரத்தின்ட கதிரையில ஏறி இருக்கிற சொற்கள். எல்லாரும் அறிஞ்சது எண்டா ஏன் எழுதுறீங்க, அறியேல்ல எண்டா எங்க ஆதாரம்?

நன்னூல்ல பத்துக் குற்றம் எண்டும் இருக்கு. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் எண்டு போகும். எனக்குப் பிடிச்சது ஒம்பதாவது, "சென்றுதேய்ந்து இறுதல்". துவக்கத்தில பொலிஞ்சு, போகப் போகத் தேய்ஞ்சு, கடைசியில அப்பிடியே செத்துப்போறது. விடிய மூண்டு மணிக்கு எழுதின கடைசிப் பந்திகளுக்கு இதை விட நல்ல பேர் இல்ல.

ஆதாரம் எங்க தேடுறது? கூகிள்ல முதல் வர்றதைப் போட்டா காணாதா?

காணாது. கொழும்பில இருக்கிற ஆக்களுக்கு சாட்டுச் சொல்ல இடமில்ல. விகாரமகாதேவி பார்க் பக்கத்தில பப்ளிக் லைப்ரரி இருக்கு, வெள்ளவத்தையில தமிழ்ச் சங்க நூலகம் இருக்கு, தமிழ்ப் புத்தகம், பழைய சஞ்சிகை எண்டா நான் முதல்ல அங்கதான் போறது. வீட்டை விட்டு வெளிக்கிட ஏலாட்டி நூலகம் எண்ட டிஜிட்டல் லைப்ரரி 2005ல இருந்து இருக்கு, இலங்கைத் தமிழ்ப் பத்திரிகை, மலர், துண்டுப் பிரசுரம் எல்லாம் ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்கிறாங்க, காசு இல்ல. நம்பர் வேணுமெண்டா தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின்ட வெப்சைட், மத்திய வங்கி அறிக்கை. அரசியல்வாதி ஒராள் பாராளுமன்றத்தில என்ன சொன்னார் எண்டு எழுத வேணுமெண்டா பேப்பர்ல வந்ததை விட ஹன்சார்ட்டை, அதாவது பாராளுமன்றப் பேச்சுப் பதிவைப் பாருங்கோ, அங்க அவர் வாயால வந்தது கிட்டத்தட்ட அப்பிடியே இருக்கும், சில நேரம் பேப்பர்ல வந்ததுக்கு நேர்மாறா.

விக்கிபீடியாவை வாசிங்கோ, அதின்ட அடியில இருக்கிற லிங்க்குகளைத் திறந்து அதுகளை மேற்கோள் காட்டுங்கோ. குடும்ப வட்ஸ்அப் குரூப்ல பெரியப்பா ஃபோர்வேர்ட் பண்ணினது ஆதாரம் இல்ல, அவர் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும்.

நான் இங்கிலீஷ் மீடியம், ஆனா யோசிக்கிறது தமிழ்ல. என்ன செய்யிறது?

தமிழ்லயே யோசிங்கோ. என்ன சொல்லப் போறன், ஏன், யார் மறுப்பான், இந்த மூண்டையும் ஒரு தாளில கதைக்கிற தமிழ்ல எழுதிப்போட்டு, பிறகு லெப்டொப்பைத் திறந்து இங்கிலீஷ்ல நேரா எழுதுங்கோ. ஆனா தமிழ் வசனத்தைப் பக்கத்தில வச்சுக்கொண்டு சொல்லுக்குச் சொல் மாத்தாதீங்கோ, தாளை மடிச்சு வச்சிருங்கோ. நான் பாத்த அளவில இங்கிலீஷ் வீக் எண்டு சொல்லி வந்த பாதிப் பேருக்கு இங்கிலீஷ் பிரச்சினையே இல்ல, என்ன சொல்லுறது எண்டு முடிவு எடுக்காம எழுதத் துவங்கினதுதான் பிரச்சினை. முடிவு எடுக்காட்டி எந்த மொழியிலயும் வசனம் நீளும். சின்ன வசனம் எழுதினா லெக்சரர் குறைவா நினைப்பார் எண்டு பயப்பிட வேணாம்.

டேர்னிட்டின்ல 28 வீதம் வந்திட்டுது, நான் கொப்பி அடிக்கேல்ல, பயமா இருக்கு.

டேர்னிட்டின் எண்டது உங்கட எழுத்தை மற்ற எழுத்துகளோட ஒப்பிட்டுப் பாக்கிற சொஃப்ட்வெயர், அது தர்ற நம்பர் களவின்ட அளவு இல்ல. உங்கட எழுத்தில எவ்வளவு பகுதி வேற எங்கயோ இருக்கிற எழுத்தோட பொருந்துது எண்டு மட்டும்தான் அது காட்டும், ரெஃபரன்ஸ் லிஸ்ட்டும் மேற்கோள் குறிக்குள்ள இருக்கிறதும் கூட எண்ணுப்படலாம். றிப்போர்ட்டைத் திறந்து கலர் அடிச்ச இடங்களைப் பாருங்கோ. நீட்டா ஒரு பந்தி ஒரே கலர்ல இருந்தா பயப்பிடுங்கோ.

மற்றப் பக்கம், இங்கிலீஷ் கட்டுரையைத் தமிழ்ல மாத்தி எழுதிப்போட்டு பேர் போடாம விடுறது. சொஃப்ட்வெயர் பிடிக்காம விடலாம். ஆனாலும் அது களவுதான், எங்கட லெக்சரர்மார் அந்த இங்கிலீஷ் கட்டுரையையும் வாசிச்சவங்க.

சட்ஜிபிடியைக் கேட்டு எழுதினா என்ன?

முதல்ல உங்கட டிபார்ட்மன்ட் ரூலைப் பாருங்கோ, இடத்துக்கு இடம் வேற. ரூல் விட்டாலும் அது தர்ற ரெஃபரன்ஸை நம்பாதீங்கோ, இல்லாத புத்தகத்துக்கு இருக்கிற ஆளின்ட பேரைப் போட்டு, பக்க நம்பரோட தரும். எனக்கு வந்த ஒரு ஃபைல்ல அஞ்சு ரெஃபரன்ஸ், நான் இருந்து தேடினன், மூண்டைக் காணேல்ல. நான் அதைப் பாவிக்கிற ஒரே இடம்: என்ட தீசிஸைக் குடுத்து "இதை எதிர்க்கிற ஆள் என்ன சொல்லுவார்" எண்டு கேப்பன். சண்டைக்கு ஆள் இல்லாத ராத்திரியில அது பரவாயில்ல.

"நான்" எண்டு எழுதலாமா?

லெக்சரரைக் கேளுங்கோ. சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது. கேக்கிறதுக்கு வெக்கப்பட்டு "இவ்வாய்வாளர் கருதுகிறார்" எண்டு ஃபர்ஸ்ட் இயர்ல எழுதாதீங்கோ, வாசிக்க எனக்கே சிரிப்பு வருது.

லெக்சரர் நினைக்கிறதுக்கு எதிரா எழுதினா மார்க்ஸ் வெட்டுவாரா?

வெட்டுற ஆக்கள் இல்லவே இல்ல எண்டு சொல்ல மாட்டன். ஆனா நான் பாத்ததில கன தரம் நடந்தது மற்றது, எதிரா எழுதின பிள்ளை ஆதாரம் இல்லாம கோவத்தோட எழுதி, மார்க்ஸ் குறைஞ்ச உடனே கருத்துக்குத்தான் வெட்டினவர் எண்டு முடிவு கட்டுறது. எதிரா எழுதுறீங்க எண்டா அவர் லெக்சர்ல சொன்னதை அவர் சொன்ன மாதிரியே ஒரு பந்தியில நேர்மையா எழுதுங்கோ, பிறகு களையுங்கோ. திருத்திற கட்டில முப்பது எஸ்ஸே அவர் சொன்னதையே அவருக்குத் திருப்பிச் சொல்லேக்க, ஒண்டாவது வேற மாதிரி இருந்தா அந்த மனிசனுக்கும் நித்திரை முறியும்.

நாளைக்கு சப்மிட். இப்ப ராத்திரி எட்டு மணி. ஒரு வரியும் எழுதேல்ல.

தெரியும், உங்களை மாதிரி ஆக்கள்தான் இதை வாசிக்கிறது. முன்னுரையை விடுங்கோ, அதைக் கடைசியா எழுதலாம். ஒம்பது மணி மட்டும் அந்தச் சண்டைக்கு இழுக்கிற ஒரு வசனத்தைத் தேடுங்கோ, கிடைக்காட்டி வீட்டில யாரோடயாவது டொபிக்கைக் கதைச்சு வாக்குவாதப்படுங்கோ, வரும். பிறகு மூண்டு காரணம், ஒவ்வொண்டுக்கும் ஒரு ஆதாரம், ஒரு பாலம். அதுக்குப் பிறகு எதிர்ப் பக்கத்துக்கு ஒரு நல்ல பந்தி. பன்ரெண்டு மணிக்கு எழும்பி பிளேன்ரீ ஒண்டு ஊத்திக் குடிச்சுப்போட்டு முழுக்க வாய்விட்டு வாசிங்கோ, மூச்சு முட்டுற இடத்தில முற்றுப்புள்ளி வையுங்கோ. ஃபைலுக்கு இண்டெக்ஸ் நம்பரைப் பேரா வையுங்கோ, "ஃபைனல் ஃபைனல் 2" எண்டு அனுப்பாதீங்கோ. பன்ரெண்டு மணிக்குப் பிறகு எனக்கு கோல் எடுக்காதீங்கோ.